மலையணிலின் முதுகு

கல்யாண வீட்டில் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. பந்திக்கு ஓடுகிறவர்கள் இடித்துத் தள்ளிவிடக் கூடாதே. கள்ளக்குறிச்சியில் எங்கள் ஸ்டுடியோ அப்படித்தான் ஓடியது: என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் ஸ்டாண்டுக்குக் காவல்.

இட ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி நடந்த சமயம் அது. காலண்டர் அச்சடிக்கிற ஒருத்தர் இவரிடம், "மலையணில் படம் ஒன்னு கறுப்பு வெள்ளையில தெளிவா எடுத்துக் காட்டு, அப்புறம் கலர் ரோல் நானே தர்றேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட் போட்டோவும், செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிற படமும் அலுத்துப் போயிருந்தன. சென்னையில் இருந்த சித்தப்பா மகனிடம் ஒரு நீள லென்ஸைப் பத்து நாள் இரவலாக வாங்கி வந்தார். அம்மிக்குழவி கனம்.

மலைமேல் கரியாலூருக்குப் பக்கத்துக் காட்டில் மூன்று நாள் கிடந்தோம். லென்ஸில் கண்ணை வைத்தால் மரமே ஆடியது.

"காத்துடி" என்றார்.

"எல ஒன்னும் அசையக் காணோமேங்க?"

"வாய மூடிக்கினு ஸ்டாண்ட கெட்டியா புடி."

இரண்டு கையாலும் பிடித்தேன். வேட்டியை மடித்துக்கட்டி அவர் குனிந்து நின்ற கோலத்தைப் பார்க்கச் சிரிப்பு வேறு, வயிற்றுக்குள்ளேயே அடக்கினேன். கட்டெறும்பு கடித்த ஒரே தரம்தான் கையை எடுத்தேன். அப்போது பார்த்து அணில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. சலித்துக்கொண்டே ஒரு படம் எடுத்தார்.

மலையை விட்டு இறங்கினால் ரோட்டுக்குக் குறுக்கே கிளர்ச்சிக்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரங்கள் கிடந்தன. பஸ் இல்லை. லென்ஸைப் பழைய சேலையில் சுற்றி, மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். மறியலில் நின்ற ஒருத்தர் கேட்டார்: "இன்னாக்கா அது, பீரங்கியா?"

"கொழந்தப்பா. கண்ணு சரியா தெரியல. வைத்தியருகிட்ட தூக்கிக்கினு போறோம்."

சிரித்தபடி வழி விட்டார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

இருட்டறையில் ரோலைக் கழுவினோம். எல்லா அணிலும் கஞ்சியில் கரைத்த மாதிரி. ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. வால் மயிரை எண்ணிவிடலாம். ஆனால் மூஞ்சி இல்லை, வெறும் முதுகு. எறும்பு கடித்து நான் கையை எடுத்தபோது விழுந்த படம்.

"நான் புடிச்சதாலதாங்க மத்ததெல்லாம் ஆடிப்போச்சு. அணில அத்தினி பெருசா காட்டுற லென்ஸு, என் மூச்சு ஆட்டத்தையும் பெருசாத்தான காட்டும்?"

"சும்மா இரு. நீ புடிச்சதாலதான் இந்த ஒன்னாவது தேறுச்சு."

மறுபடி மலையேறத் துடித்தார். வழியில்லை. பஸ் ஓட ஆரம்பித்த அன்றைக்கே சித்தப்பா மகன் லென்ஸைக் கேட்டு வாசலில் வந்து நின்றார்.

கடைசியில் அந்த முதுகுப் படத்தையே எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெளிவாத்தான் கீது. வருஷம் பூரா எவன்யா அதும் பின்பக்கத்தையே பாத்துக்கினு இருப்பான்?"

நானே சொல்லியிருக்க வேண்டிய கேலிதான் அது. திரும்பி வருகிற வழியெல்லாம் படத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஆனால் அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை.