நேரா போச்சா?

அந்தச் சிவப்புப் பட்டுநூல் மிஞ்சிப்போனால் இரண்டு முழம் இருக்கும். எங்கள் வீட்டுத் தறியின் பாவில் அறுந்து விழுந்ததை அக்கா விரலில் சுற்றி வைத்திருந்தாள். என் பேரிங் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அதை இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்ப்பாள். ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, நான்கு பேரிங். ஏரிக்கரைச் சரிவில் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கினால் தானாக ஓடும்.

அக்காவுக்குப் பதினைந்து, எனக்குப் பத்து. வயதுக்கு வந்ததும் அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, தண்ணீர் பிடிக்கப் போவதைத் தவிர தெருவும் நின்றது. வண்டியைச் செய்தது அவள்; ஆண்பிள்ளை என்பதால் ஓட்டியது நான். வீட்டு நடையில் தள்ளிவிட்டுத்தான் அவள் சோதிப்பாள். அங்கே வண்டி இடதுபக்கம் ஒதுங்கும். நூல் சரியென்று சொன்னாலும் நம்பாமல், முன் கட்டையை இத்தனூண்டு வலதுபக்கம் தட்டிவிடுவாள். அப்புறம் நடையில் பிசகாமல் ஓடும். சரிவிலோ வலதுபக்கம் இழுத்துக்கொண்டுபோய் என்னை வேலிக்காத்தான் முள்ளில் தள்ளும். முழங்கால் தேய்ந்து வந்து அவளிடம் கத்துவேன்.

ஒருநாள் நடையைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் முழுக்க இடதுபக்கச் சுவருக்கு ஓடியது. துடைப்பமும் கையுமாக அப்படியே நின்றாள்.

“வண்டி மேல தப்பு இல்லபா,” என்றாள். “நம்ம வூடுதான் சாஞ்சிக்கினு இருக்குது.”

அன்றைக்கே நூல் சொன்னபடி சக்கரங்களைத் திருத்தினாள். இனி நடையில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. அது நேராக ஓடுவதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பையன்களுக்குள் வண்டிப் பந்தயம். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கிளம்பி, அப்படியே கரைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. எனக்கு ஓட்டைவாய். சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் உளறிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. ஞாயிறு காலை குடத்தைத் தானே எடுத்துக்கொண்டு, அக்காவைத் தறியில் உட்காரச் சொன்னாள். கால் தறிக்குழிக்குள், மடிக்கு மேல் நெய்கிற சேலை, எங்கே எழுந்திருப்பாள்? கரையில் நான்தான் முதல். வண்டி கோடு போட்ட மாதிரி ஓடியது. மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தபோது அவள் தலை நிமிரவில்லை. “நேரா போச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி தறி நாடாவைத் தள்ளி நெய்ய ஆரம்பித்தாள். பாவி, என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அந்த ஒரு கேள்விதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

இப்போது என் மகளின் பள்ளியில் மரக் கார் பந்தயம் வைத்திருக்கிறார்கள். போன வாரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதேபோல் பட்டுநூல் பிடித்து அளந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டது ஐயம்பேட்டையில். ஷேர் ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். வீடியோ காலில் சக்கரங்களைக் காட்டினேன்.

“மொதல்ல தரையில தண்ணி ஊத்திப் பாத்தியா?” என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டேன்: ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து நின்று பார் அக்கா என்று. அவள் முகம் மலர்ந்தது. பிறகு, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அவர கேட்டுட்டுச் சொல்றேன்பா.”

பந்தயம் நாளைக்கு. நூல் என் விரலில்தான் சுற்றியிருக்கிறது. அவள் இன்னும் கூப்பிடவில்லை. இந்தத் தடவை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.