கழிவு போக எடை

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எனக்குக் கால் தரையில் நிற்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் எங்கேயாவது போக வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். ஃப்ரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு மணி எவ்வளவு என்று கவனிக்காமலே கீழே வைப்பேன்.

"யோவ், இன்னாத்துக்கு இப்டி குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தினுகீற? ஒரு எடத்துல குந்து," என்பாள் என் மனைவி.

குந்த முடிந்தால் குந்தமாட்டேனா? அவளுக்குப் பதில் சொல்லப் போனால் சண்டையில்தான் முடியும். இருபது வருடமாக அந்த நேரத்துக்கு இந்தக் கை ஒரு கிளாஸைப் பிடித்துப் பழகியிருக்கிறது. திடீரென்று சும்மா இரு என்றால் அது எங்கே போகும்?

பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கி மெட்ராஸுக்கு அனுப்புகிறவன் நான். ஏரியில் பிடிக்கிறவர்கள் காலையில் கூடை கூடையாகக் கொண்டுவருவார்கள். நான் தராசு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்தே வளர்த்த உடம்பு இது. காலையில் எடை போடுவது பாதி வியாபாரம்தான். மீதிப் பாதி சாயங்காலம் ஐஸ் குடோனுக்குப் பின்னால், படகுக்காரர்களோடு உட்கார்ந்து நடக்கும். அவர்களோடு ஒரு கிளாஸ் எடுக்காத வியாபாரியை 'பெரிய மனுசன்' என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் அது பாராட்டு இல்லை. மறுநாள் நண்டு வேறு ஒருவன் தராசுக்குப் போய்விடும்.

இதெல்லாம் எப்படியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஓடவில்லை.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அன்னக்கூடையில் மீனை வைத்து பஸ் ஏற்றிப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவள். இரண்டு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறாள். மாமாவுக்குச் சர்க்கரை, அவர் கிட்னி கொடுக்க முடியாது. மகளுக்கு இப்போதுதான் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை, அவளிடம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று அக்கா கத்திவிட்டாள். மிச்சம் நான். ரத்தம் சேர்ந்தது, மற்றதெல்லாம் சேர்ந்தது. என் தொப்பை மட்டும் சேரவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்கு அக்கா மகள் வயதுதான் இருக்கும். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "தொண்ணூத்தெட்டு கிலோ இருக்கீங்க. கல்லீரல்ல கொழுப்பு வேற. இப்படியே ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கே ஆபத்து. மூணு மாசத்துல பத்து கிலோவாவது குறைங்க, அப்புறம் பாக்கலாம்," என்றார். பிறகு, "குடிப்பீங்களா?" என்றார்.

"எப்பனா ஒருவாட்டி டாக்டர்."

பக்கத்தில் இருந்த அக்கா தொண்டையைச் செருமினாள்.

"வாரத்துக்கு ஒரு மூணு நாளு."

மறுபடியும் செருமினாள்.

"அஞ்சு நாளுன்னு வச்சிக்குங்க."

"விட்டுடுங்க. அதுதான் நல்லது."

"ஒரேயடியாவா?"

"சரி, இப்போதைக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணு. சின்ன அளவு. ஆபரேஷன் தேதி குறிச்சிட்டா அதுவும் கிடையாது."

"புதன்கிழம ஒண்ணு சேத்துக்கலாமா?"

"இது மீன் மார்க்கெட் இல்லைங்க," என்றார். ஆனால் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையே நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று. ஒன்றுக்கு மேல் தொட்டதில்லை, சத்தியமாக. கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, விளிம்பு வரைக்கும் தண்ணீர் விட்டு, மற்றவர்கள் மூன்றாவது முடிக்கும்வரை என் ஒன்றை வைத்து ஓட்டுவேன். படகுக்காரர்கள் விடுவார்களா? "இன்னாபா, இருமல் மருந்தா அது? ஸ்பூன் எடுத்தாரட்டுமா?" என்பார்கள். என் சகலை முறையில் ஒருவன், "உடுங்கபா, அக்காவுக்குக் கிட்னி குடுக்கப்போறான், அதுக்குத்தான் கழுவி வைக்கிறான்," என்பான். சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றி எரியும்.

ஒரே கிளாஸை ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது என்ன கஷ்டம் என்று ஓட்டியவனுக்குத்தான் தெரியும். கை பரபரக்கும். முன்னே தட்டில் இறால் வறுவல், நண்டு, மடவை மீன் துண்டு, ஒரு பொட்டலம் மிக்சர். குடிக்காத கை தட்டுக்குப் போகும். அதை நான் கணக்கிலேயே வைக்கவில்லை. நண்டிலும் இறாலிலும் பிறந்து வளர்ந்தவனுக்கு அதெல்லாம் சாப்பாடு மாதிரியே தோன்றாது. சோறுதான் சாப்பாடு. ராத்திரிச் சோற்றைத்தான் நான் விட்டுவிட்டேனே!

மற்ற நாட்களில் ஐந்தரைக்குப் பாலத்தைப் பார்த்து நடந்தேன். வழியில் கொஞ்ச நேரம் நின்று ஏரியைப் பார்த்தால், படகுகள் கரை திரும்புவது தெரியும். இந்நேரம் குடோனுக்குப் பின்னால் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், எவன் என் இடத்தில் உட்கார்ந்திருப்பான் என்றுதான் புத்தி போகும். நடை பாதியில் நின்றுவிடும், விறுவிறுவென்று திரும்பி வந்துவிடுவேன்.

ஆனால் எடை குறைந்தது. அப்படித்தான் நான் நம்பினேன்.

தினமும் காலையில் கூடைகள் வருவதற்கு முன்னால் என் தராசின் பலகை மேலேயே ஏறி நிற்பேன். எங்கள் தொழிலில் தராசு காட்டுகிறதை அப்படியே யாரும் எழுதுவதில்லை. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, நண்டின் காலைக் கட்டிய கயிற்றுக்கும் சேற்றுக்கும் இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடை சொல்வோம். ஆயுசு முழுக்க அப்படியே சொல்லிப் பழகிய வாய். முதல் வாரம் ஈர லுங்கிக்கு ஒரு கிலோ கழித்தேன். நியாயம்தானே? அப்புறம் காலையில் குடித்த டீ, தண்ணீருக்குக் கொஞ்சம். கடல்காற்று பலகையை ஆட்டுகிறது, அதற்குக் கொஞ்சம். அரைஞாண் கயிறு, மோதிரம், இன்னும் கொல்லைக்குப் போகவில்லை என்பது, எல்லாவற்றுக்கும் ஒரு கழிவு. யாரையும் ஏமாற்ற வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

ஏழு மணிக்கு அக்கா போன் பண்ணுவாள். "எவ்ளோடா?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"ஐய, நெசமாவா? நேத்துதான் தொண்ணூத்தி மூணுன்ன!"

அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மறுநாள் இன்னும் கொஞ்சம் கழிக்கத் தோன்றும். அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கென்று புது பக்கெட்டும் மக்கும் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள். எனக்கும் சேர்த்து இரண்டு பக்கெட். எனக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு.

மூன்று மாதம் முடிந்து மறுபடி மெட்ராஸ் போனோம். நர்ஸ் என்னை மெஷினில் ஏறச் சொன்னாள். சட்டையைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். ஏறினேன். சிவப்பு எண் துடித்துத் துடித்து நின்றது. தொண்ணூற்றேழு.

"மிசினு சரியில்லம்மா. காலைல எண்பத்தொம்பது இருந்தேன்," என்றேன்.

நர்ஸ் தானே ஏறி நின்று காட்டினாள். இறங்கினாள். "ஏறுங்க சார்." மறுபடியும் அதே தொண்ணூற்றேழு. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாகக் கேட்டார். "ஒண்ணுதான் குடிச்சீங்களா?"

"ஒண்ணுதான் டாக்டர். எங்கம்மா மேல சத்தியம்."

"நம்பறேன். தொட்டுக்க என்ன?"

நான் சொல்லிக்கொண்டே போனேன். நண்டு வறுவல் வரைக்கும் எழுதிய டாக்டரம்மா மிக்சர் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "நீங்க முன்னாடி அஞ்சு நாள் குடிச்சப்போ கூட இவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டீங்க," என்றார். கல்லீரல் அப்படியேதான் இருக்கிறதாம். இன்னும் மூன்று மாதம். "அவங்களை ரொம்ப நாள் காக்க வைக்க முடியாதுங்க," என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ரயிலில் நான் வாயை மூடவில்லை. அந்த மெஷின் டூப்ளிகேட், இந்த ஆஸ்பத்திரியே சரியில்லை, வேறு இடம் பார்க்கலாம் என்று எதையெதையோ பேசினேன். அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவள், "உன் தராசுல எப்டிடா போட்ட?" என்று கேட்டாள்.

சொன்னேன். லுங்கிக்கு ஒன்று, காற்றுக்கு அரை, டீக்குக் கால், இப்படியே சேர்ந்து எட்டு கிலோ. அவளும் மீன் விற்றவள்தானே, சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. சிரித்தாள். எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"கழிக்கிறது வாங்கறவன் வேலடா. நீ குடுக்கறவன். வாங்கறவ நானு. நான் எதனா கழிச்சனா?"

நான் தொப்பை மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எனக்குப் பயமாகீதுடா," என்றாள். மார்க்கெட்டில் ஆள் உயர வியாபாரிகளைச் சட்டையைப் பிடித்து நிறுத்திய அக்கா. அவள் வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. மீஞ்சூர் வரும்வரைக்கும் என் மோதிரம் அவள் கையிலேயே இருந்தது. கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது.

குடோனுக்குப் பின்னால் போவதை நிறுத்தினேன். புதனையும் விட்டேன். இரண்டு படகுக்காரர்கள் நிஜமாகவே நண்டை வேறு தராசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வயிறு எரிந்தது, போகட்டும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் மிச்சம். டாக்டரே கொடுத்ததல்லவா, அதை ஏன் விட வேண்டும் என்று பிடிவாதம். வீட்டுக் கொல்லையில், தட்டு எதுவும் இல்லாமல், தனியாக.

ஒரு ஞாயிறு சரியான வெயில். காற்று செத்துக் கிடந்தது. ஐந்தரைக்குப் பெரிய கிளாஸை எடுத்துவந்து ஐஸ் போட்டேன். கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். ஒன்றை ரொம்ப நேரம் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை நிறைய விட்டுவிட வேண்டும், அது என் ஏற்பாடு. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. நிமிர்ந்தால், கொல்லை வாசலில் அக்கா நின்றுகொண்டிருக்கிறாள்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணுதாங்கா. டாக்டர் சொன்னதுதான்," என்றேன் முந்திக்கொண்டு.

அவள் பாட்டிலைப் பார்க்கவே இல்லை. கிளாஸைப் பார்த்தாள். வெளியே வேர்த்து வழிந்துகொண்டிருந்த கிளாஸை. டயாலிசிஸ் ஆளுக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. மாத்திரை போடுகிற தண்ணீர்கூட அதில்தான் சேர்த்தி. காலையில் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துவைத்துக்கொண்டு அதை ராத்திரி வரைக்கும் ஓட்டுவாள். இரண்டு வருடமாக ஓட்டுகிறாள். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவள் தொண்டை ஏறி இறங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னொருவாட்டி ஊத்து," என்றாள்.

"இன்னாக்கா?"

"தண்ணிய. இன்னும் கொஞ்சம் ஊத்துடா. அந்தச் சத்தம் நல்லாகீது."

கேனைச் சாய்த்தேன். கிளாஸ் நிறைந்து வழிந்து என் கால் மேல் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகை வந்தது, என் மேலேயே ஆத்திரம் வந்தது. கிளாஸை எடுத்து முருங்கை மரத்தடியில் வீசிக் கொட்டப் போனேன்.

"கொட்டாத!" என்று கத்தினாள். அப்புறம் குரலைத் தணித்து, "இருக்கட்டும். நான் பாத்துக்கினு குந்திகீறேன். நீ போ," என்றாள்.

"எங்க போறது?"

"பாலத்துக்குப் போயிட்டு வா. பாதில திரும்பாத. போடா, எனக்கோசரம் நட."

நடந்தேன்.