ஐந்நூற்றுப் பதினொரு தடவை உடுத்தியவர்

ரொசேர் திவியேர்ஜ் இறந்தது ஜனவரி பத்தொன்பதாம் தேதி. அவரைப் புதைத்தது மே பதினொன்றாம் தேதி. எங்கள் ஊர் வால்-ப்ரூயானில் குளிர்காலத்தில் மண் உறைந்து மண்வெட்டி இறங்காது. அந்த மாதங்களில் போகிறவர்களைக் கல்லறைத் தோட்டத்து மூலையில் உள்ள கல் அறையில் வைத்துப் பூட்டிவிடுவோம். மண் இளகியதும் வந்த வரிசைப்படி அடக்கம். பூட்டுப் போடும்போது அவர் மனைவி, என் தங்கை யுகெத், என் காதோரம் சொன்னாள்: "இங்கயும் பெஞ்சுலதான் உக்கார வச்சிருக்காங்க பாருண்ணே."

ரொசேர் நாட்டு எல்லைக்குத் தெற்கே ஒரு காகித ஆலை நகரத்தின் அணியில் ஒன்பது வருடம் தொழில்முறை பனி ஹாக்கி ஆட்டக்காரராக இருந்தார். அந்த 'ஆட்டக்காரர்' என்ற சொல்லில்தான் வம்பே. அவர் மாற்றுக் கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் விழுந்தால் இறங்க வேண்டியவர். முதல் கோல்கீப்பரான கிளெர்மோன் கெஸி விழாத ஆள் அல்ல. மூக்கு மூன்று முறை உடைந்தது, தாடை ஒரு முறை. உடைந்த விரல்களை அவரே எண்ணியதில்லை. ஆனால் விழுந்தவர் எழுந்துவிடுவார். அவர் பனியில் சரியும்போதெல்லாம் ரொசேர் முகமூடியை மாட்டுவார். அவர் எழுந்ததும் கழற்றுவார். நல்ல மனிதன்தான், இன்னும் கொஞ்சம் பலவீனமாகப் பிறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கெஸியைப் பற்றி வருத்தத்தோடு சொல்வார்.

காலைப் பயிற்சியில் அணி முழுவதும் ரொசேர் காக்கும் கோலைப் பார்த்துத்தான் அடிக்கும். மாலை ஆட்டத்தில் அவருக்கு வேறு வேலை. நாற்பது வினாடிக்கு ஒரு தடவை ஆட்கள் மாறுவார்கள். களைத்தவர் பெஞ்சுக்கு வரவும் புதியவர் பனிக்குள் இறங்கவும் தடுப்பில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து மூடுவது மாற்றுக் கோல்கீப்பரின் பொறுப்பு. ரொசேர் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், "போ, போ, குளிரு உள்ள வருது" என்பார். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். ஆனாலும் சொல்வார்.

திரும்பி வந்து எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கருவிக் கிடங்கில் சேர்ந்தார். அங்கேயும் ஓர் அரைக்கதவு. தபால் நிலையம், ரொட்டிக் கடை, மாதா கோவில் என்று எங்கே போனாலும் கதவு அவர் கையில் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்தால் முதலில் எழுந்து போய்த் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்து, யுகெத் எடுக்கட்டும் என்று நிற்பாராம். தான் பார்க்காவிட்டால் பால் திரியும்வரை நிற்பார் என்பாள் அவள். ஓய்வு பெற்றவர்களின் வியாழக்கிழமை அணிக்குக் கோல் காக்கக் கூப்பிட்டபோது, இதெல்லாம் உங்கள் பொழுதுபோக்கு, நான் தொழில்முறைக்காரன் என்று மறுத்துவிட்டுக் கதவருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. ஒரு பிப்ரவரி ஆட்டத்தில் கெஸி நிஜமாகவே மயங்கிவிட்டார்; ரொசேர் இறங்கி ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி கோலைக் காத்தார்; பயந்துபோய் எதிரணியில் ஒருவன்கூட அடிக்கவில்லை. சுரங்கத்துச் சாப்பாட்டறையில் முப்பது வருடம் ஓடிய கதை இது. வருடத்துக்கு வருடம் நிமிடங்கள் கூடின. அடுத்த ஈஸ்டருக்குள் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்துவிடுவார் என்றாள் யுகெத்.

பிறகு எங்கள் பனி அரங்கத்துக்கு ஐம்பது வயதானது. ஊரின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெயரைச் சுவரில் பலகையாக வைக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். இரும்புக் கடை ஒரேல் பொமெர்லோ தலைவர். அரங்கத்தில் உருளைக்கிழங்கு பொரித்து விற்கும் கிளெமான்ஸ் ஓர் உறுப்பினர். நான் செயலாளர். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் விதிகளை நான்தான் எழுதினேன். முதல் விதி, குறைந்தது ஓர் ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். லீக்கிலிருந்து ஆட்டக் கணக்குத் தாள் வரவழைத்தேன். ரொசேர் பெயருக்கு நேரே ஆட்டம் பூஜ்ஜியம் என்று இருந்தது.

அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

"மச்சான், அந்தச் சுவத்துல என் பேரு இருக்கணும். சுரங்கத்துல முப்பது வருஷமா என்னை ஹாக்கிக்காரன்னுதான் கூப்டாங்க. பேரு இல்லேன்னா அத்தனை வருஷமும் அவங்க கிண்டல் பண்ணாங்கன்னு ஆயிரும்."

தாள் வேறு மாதிரி சொல்கிறது என்றேன். தாள் எழுதியவன் அன்றைக்குத் தூங்கியிருப்பான், கெஸியைக் கூப்பிட்டுக் கேள் என்றார். கெஸி மயக்கத்தில் இருந்ததால் ஒன்றும் தெரியாது, சொன்னதற்குத் தலையாட்டுவார் என்று நம்பியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கெஸி ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்தார். கிளெமான்ஸின் கடையில் பாலாடைக்கட்டியும் குழம்பும் ஊற்றிய கிழங்கு இரண்டு தட்டு சாப்பிட்டார். பிறகு குழு கூடிய அறைக்கு வந்து, நண்பனுக்கு உதவுகிறோம் என்ற பூரிப்போடு ஆரம்பித்தார்.

"நான் மல்லாந்து கெடக்கேன். ஒரு கண்ணு தெரியுது. கோச்சு 'திவியேர்ஜ்!'னு கத்துறாரு. இவன் டக்குனு எழுந்தான், கதவைத் தொறந்தான். தொறந்து, புடிச்சுக்கிட்டு நிக்கிறான். யாரு போகப்போறான்னு பெஞ்சு முழுக்கப் பாக்குறான். கோச்சு மறுபடி கத்துறாரு. இவனும் சேந்து கத்துறான்: 'திவியேர்ஜ், போடா சீக்கிரம், குளிரு உள்ள வருது!' எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சா தாடை வலிக்குது. அந்த வலியிலதான்யா எழுந்து உக்காந்தேன். ஆட்டத்தையும் நானே முடிச்சேன்."

பொமெர்லோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிளெமான்ஸ் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொசேரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு கெஸியிடம் கேட்டார், அந்த நேரத்தில் தன் ஒரு காலாவது பனியில் இருந்ததா என்று. இருந்தது, இடது கால், என்றார் கெஸி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று நான் கேட்டேன். நின்றிருந்தது. கடிகாரம் நின்ற நேரம் ஆட்டக் கணக்கில் சேராது.

கிளெமான்ஸ் பெயர் போடலாம் என்றாள். செயலாளர் சொல்வதுதான் தன் ஓட்டும் என்றார் பொமெர்லோ. பூஜ்ஜியம் என்றால் பூஜ்ஜியம்தான் என்று நான் சொன்னேன்.

ரொசேர் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கெஸி போனார், கிளெமான்ஸ் போனாள், பொமெர்லோ போனார். நான் தாள்களை அடுக்குவதுபோல நின்றேன்.

"நீயும்தான் மச்சான். போ, குளிரு உள்ள வருது."

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. சாப்பாட்டறைக் கூட்டாளிகள் கிளறினால் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார். கதவுகளை மட்டும் திறந்துகொண்டிருந்தார்.

ஜனவரியில் இறுதிப் பூசை முடிந்தது. பாதிரியார் ஆசீர்வதித்தார், இசை நின்றது, நாங்கள் நூறு பேர் கோவில் வாசல்வரை போய் அப்படியே நின்றுவிட்டோம். முன்னால் இருந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைப் பார்த்தார்கள். என்ன தடங்கல் என்று பாதிரியார் பின்னாலிருந்து கேட்டார். இருபது வருடமாக அந்தக் கைப்பிடியை எங்களில் யாரும் தொட்டதில்லை. கடைசியில் பொமெர்லோ தோளால் தள்ளினார். அது இழுக்கிற கதவு.

கோவில் நிலவறையில் ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். பொமெர்லோ தோளைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்து, இன்னொரு தடவை ஓட்டெடுப்போம் என்றார். எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. லீக் அனுப்பிய அந்தத் தாளில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு. அன்றைக்கு ஆட்ட உடையில் பெஞ்சில் இருந்தவரை 'உடுத்தினார்' என்பது எங்கள் வழக்கம். உடுத்தியது 511 என்று அதில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பே பார்த்தேன். விதி கேட்கவில்லை, அதனால் நான் வாசிக்கவில்லை. இப்போது வாசித்தேன்.

யுகெத் காபியைக் கீழே வைத்தாள்.

"போட அரை மணி, கழட்ட அரை மணி. ஐநூத்திப் பதினொரு மணி நேரம் உடுப்புக்கே போயிருக்குண்ணே. அதுக்கு ஒரு வரி குடுக்கக் கூடாதா?"

முதல் விதியில் 'ஆடியிருக்க' என்பதை அடித்து 'உடுத்தியிருக்க' என்று எழுதினேன். கிளெமான்ஸ் சாண்ட்விச்சோடு கையைத் தூக்கினாள். ஆனால் பலகையில் 511-க்குப் பக்கத்தில் ஆட்டம் பூஜ்ஜியம் என்றும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். யுகெத்தும் அதையே சொன்னாள். பலகை எழுதுகிறவர் இதில் ஏதோ பிழை என்று இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். இப்போது அரங்கத்துக்கு வருகிறவர்கள் மற்ற ஆறு பெயர்களைத் தாண்டி அந்த வரியில்தான் நிற்கிறார்கள்.

மே பதினொன்றாம் தேதி கல் அறையைத் திறந்தோம். ஈரத்தில் கதவு ஊறியிருந்தது. நான் உள்ளே நின்று முதுகால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பொமெர்லோவும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கினார்கள். அது என்னைக் கடக்கும்போது, "பேரு போட்டாச்சு மச்சான்" என்று மெதுவாகச் சொன்னேன். பெட்டி கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. வெளியே தங்கை பொறுமையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, நீ முதல்ல வெளிய வா. நீ உள்ள நிக்கிறவரைக்கும் அவரு வரமாட்டாரு."

நான் வெளியே வந்தேன். பெட்டி வந்தது.