மூக்குக்காரர் கொண்டுவந்த தக்கை

எங்கள் உணவகத்தில் என் அக்காவின் கணவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். சாப்பிட வருகிறவர்களுக்கு ஒயின் பாட்டிலைத் திறந்து, கெட்டுப்போகவில்லை என்று பார்த்து ஊற்றுவது அவர் வேலை. பிரான்சிலிருந்து வரும் போர்தோ சிவப்பு ஒயினைப் பற்றி அத்தான் பேச ஆரம்பித்தால், வயிறு நிறைந்தவனும் ஆட்டுத்தொடை கேட்பான்.

"முதல்ல கருப்புப் பழ வாசம் வரும். அப்புறம் ஈர மண்ணு, பழைய மரப்பெட்டி. கடைசில நாக்குல ஒரு துவர்ப்பு நிக்கும் பாருங்க, அதுக்குக் கொழுப்புள்ள கறிதான் ஜோடி. மீனைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா ரெண்டுக்கும் சண்டை, வாய்க்குள்ள இரும்பு வாடைதான் மிஞ்சும்."

இரண்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் அவருக்கு வாசனை சுத்தமாகப் போய்விட்டது. புளிப்பையும் துவர்ப்பையும் நாக்கு சொல்லிவிடும். பழத்தையும் மண்ணையும் மூக்கல்லவா சொல்ல வேண்டும்? மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் மனப்பாடம். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று அக்காவிடம்கூட மூச்சுவிடவில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதே உணவகத்தில் கறி வாட்டுகிறவன்.

கறியின் பதம் கேட்கிற சாக்கில், பாட்டிலின் தக்கையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார். ஒயின் கெட்டிருந்தால் தக்கையிலேயே வாடை தெரியும். நான் மோந்து பார்த்து "நல்லா இருக்கு" என்றால் போய் ஊற்றுவார். முகத்தைச் சுளித்தால் வேறு பாட்டில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனாலும் இரண்டு வருடம் மறைத்தோம்.

அன்று மதியம் எனக்கு ஜலதோஷம். என் வாணலியில் பூண்டு கருகுவதே எனக்குத் தெரியவில்லை. எட்டு மேசைக்குக் கறி போக வேண்டும். அவர் தக்கையை நீட்டினார். மூக்கடைப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பழக்கதோஷத்தில் "நல்லா இருக்கு" என்றேன். இந்த வாய்க்குச் சூடு போட வேண்டும்.

அந்த மேசையில் ஒரு வயதான தம்பதி. அம்மாள் கோப்பையை முகத்தருகே கொண்டுபோனதும் கீழே வைத்துவிட்டார்.

"ஏதோ வாடை அடிக்குதே?"

வேறு யாராக இருந்தாலும் உடனே பாட்டிலை மாற்றியிருப்பார்கள். அத்தான் மாற்றவில்லை. அந்த அம்மாளின் மூக்கைவிட என் மூக்கை அவ்வளவு நம்பினார்.

"இல்லம்மா, அது ஈர மண் வாசம். கொஞ்சம் காத்து பட்டா சரியாயிடும்."

அம்மாள் விடவில்லை. முதலாளி வந்தார், கோப்பையை எடுத்து மோந்தார். "நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்குது. இதுவா மண் வாசம்?"

அத்தான் அடுப்படிக் கதவைப் பார்த்தார். நான் இடுக்கியும் கையுமாக, தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், பாதிப் பழி எனக்கு வந்திருக்கும். அவர் நீட்டவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதுங்க. ரெண்டு வருஷமாச்சு."

முதலாளி நல்லவர்தான். வீட்டுக்கு அனுப்பவில்லை, கிடங்குக்கு அனுப்பினார். இப்போது அத்தான் பாட்டில்களைத் துடைத்து அடுக்குகிறார். மேசைகளுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்துவிட்டான். அவனுக்கு என் மூக்கு தேவையில்லை. நான்காம் நாளே திறந்துகொண்ட மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நேற்று மதியம் ஒரு மேசையில் போர்தோ மிஞ்சியது. கிடங்கு வாசலில் நின்று கோப்பையை முகத்தருகே பிடித்தேன். எல்லாம் இருந்தது, அவர் சொல்லச் சொல்லக் கேட்டதைவிட அதிகமாகவே இருந்தது.

துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அத்தான் ஆவலாகக் கேட்டார்.

"எப்படிடா இருக்கு?"

பழம், மண், மரம் எல்லாம் அவருடைய சொற்கள். அவற்றை அவரிடமே எப்படிச் சொல்வது? எனக்கென்று இருந்தது ஒன்றுதான்.

"நல்லா இருக்கு அத்தான்."

அவர் தலையசைத்துவிட்டு, மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டார்.