இருபத்தைந்தாவது கிலோமீட்டரில் நான் எடுத்த பாட்டில்

ஆண்டவருக்குள் அன்பான எல்லோருக்கும் என் தோத்திரம். நான் மந்தைவெளி ஸ்டெல்லா. அப்படிச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. "பாட்டில் சிஸ்டர்" என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் நம் சபையில் மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். அந்தச் சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் இதுவும் சாட்சிதான், ஜெபத்துக்குப் பதில் வந்த கதைதான். பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாரத்தான் ஓடுகிறவள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சாலை ஓட்டம். அதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் கிளம்பிவிடுவேன். பெட்டியில் பாதி துணி, மீதி ரவையும் ஊறுகாயும். அந்த ஊர்களில் எல்லாம் நான் பார்த்தது விமான நிலையம், ஹோட்டல் அறை, முன்னால் ஓடுகிறவளின் முதுகு, இவ்வளவுதான். "சிங்கப்பூர் எப்படிம்மா இருந்துச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "ரோடு நல்லா போட்டிருக்காங்க" என்பேன். சிரிப்பார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

எல்லா ஊருக்கும் என்னோடு வந்தவள் சரோஜா. கோடம்பாக்கத்துப் பெண். அவள் அப்பா சினிமா ஸ்டுடியோவில் லைட் தூக்குகிறவர். நந்தனம் மைதானத்தில் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து பழக்கம். ஓடும்போது அவள் வலது கால் மட்டும் கொஞ்சம் பலமாகத் தரையில் விழும். பின்னால் வருவது அவள்தான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். எனக்கு இயேசு, அவளுக்கு அம்மன். பந்தயத்தன்று காலையில் அறையில் ஆளுக்கொரு மூலையில் நின்று கும்பிடுவோம். "உன் சாமியாண்ட எனக்கும் சேத்து சொல்லிடுடி. எங்க ஆத்தாவுக்கு பாஸ்போர்ட் கெடையாது" என்பாள்.

இப்போது பாட்டில் விஷயம். மாரத்தானில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மேஜை போட்டிருப்பார்கள். நாங்கள் குடிக்க வேண்டியதை நாங்களே கலந்து, பாட்டிலில் அடையாளம் கட்டி முதல் நாளே கொடுத்துவிடுவோம். ஓடி வரும்போது நிற்காமல், அவரவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு நீல ரிப்பன், அவளுக்குச் சிவப்பு. நான் எல்லா மேஜையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பேன். சரோஜா அப்படி இல்லை. வயிறு கனக்கும் என்று முதல் இருபது கிலோமீட்டருக்கு வாயை நனைப்பதோடு சரி. இருபத்தைந்தாவது கிலோமீட்டர் மேஜையில்தான் பெரிய பாட்டிலாக வைப்பாள். குளுக்கோஸ், உப்பு, எலுமிச்சை எல்லாம் அதில்தான். அதை நம்பித்தான் மீதியை ஓடுவாள். அவளுக்கு முடிச்சு சரியாக வராது என்பதால் அந்தச் சிவப்பு ரிப்பனை எப்போதும் நான்தான் கட்டுவேன்.

தொண்ணூற்று மூன்றில் மலேசியாவில் கடலோரமாக ஒரு பந்தயம். காலையிலேயே நம்ம ஊர் சித்திரை வெயில். முதல் மூன்று பேருக்குள் வந்தால் அடுத்து ஜப்பானில் ஓட அழைப்பு வரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தேன். சரோஜா எனக்கு நூறு அடி பின்னால். இருபத்தைந்தாவது கிலோமீட்டர் மேஜையில் கையை நீட்டினேன். என் நீல ரிப்பன் இல்லை. முன்னால் போனவர்கள் கை பட்டு உருண்டிருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. "இயேசுவே" என்றேன். அது நிஜம். சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பாட்டில் கண்ணெதிரே இருந்தது. எடுத்தேன்.

அவசரத்தில் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று எனக்கே நான் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் எடுத்தேன். நான் போட்ட முடிச்சு என் விரலில் பட்டது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை ரோட்டோரமாக நிறுத்தி வைத்திருந்தால்கூட அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பும் வந்தது. முழுவதையும் குடித்துவிட்டு வீசினேன்.

மூன்றாவதாக வந்தேன். சரோஜா முப்பத்தோராவது கிலோமீட்டர் தாண்டி விழுந்துவிட்டாள். நினைவு தப்பி, உடம்பு கொதித்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடி ஆச்சு?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காய்ச்சல் வேகம் என்று நினைத்துக்கொண்டேன். அல்லது அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

ஊருக்கு வந்த இரண்டாவது ஞாயிறு பாஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மூன்றாம் இடத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் ஏறினேன். மைக் கையில் வந்ததும் வார்த்தை தானாக வந்தது. "தாகத்தில் தவித்தேன், என் பாட்டிலைக் காணோம், இயேசுவே என்று கூப்பிட்டேன், எனக்காகவே ஒரு பாட்டிலை அவர் அந்த மேஜையில் வைத்திருந்தார்." எல்லோரும் கை தட்டி அல்லேலூயா சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் சொன்னது எனக்கே பிடித்துப்போய்விட்டது. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாத விஷயம்.

அதற்கப்புறம் அந்தச் சாட்சி என்னை விடவில்லை. தி.நகரில் வீட்டு ஜெபம் என்றால் கூப்பிடுவார்கள், அடையாறில் வாலிபர் கூட்டம் என்றால் கூப்பிடுவார்கள். பாஸ்டர் பிரசங்கத்தில் சொல்வார். அபிராமபுரம் எஸ்தர் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் பாட்டிலை நெனச்சுக்கிட்டேதான் ஸ்டெல்லா உள்ளே போனேன்" என்றார். நான் "ஆமென்" என்றேன்.

சத்தம் ஆரம்பித்தது அந்த வருடம் ஐப்பசியில். விடிகிற நேரம் அடையாறு பாலத்தின் மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். வலது கால் மட்டும் பலமாக விழுந்தது. திரும்பினேன். பாலத்தில் யாருமில்லை. கீழே ஆறுதான் இருந்தது. ஓடினேன், வந்தது. நின்றேன், இரண்டு அடி எடுத்து வைத்து அதுவும் நின்றது. அன்று பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும் நான் ஓடிய வேகத்தில் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. பயத்தில் ஓடினேன்.

ஜப்பானில் தொண்டையும் அடைத்தது. குளிர் காற்று, ஒரு மேஜையிலும் கூட்டமில்லை, என் நீல ரிப்பன் தனியாக நின்றது. எடுத்து வாயில் ஊற்றினால் இறங்கவில்லை. வெளியே வழிந்தது. பின்னால் அந்த வலது கால். முப்பதாவது கிலோமீட்டரில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அதன் பிறகு போன ஊரிலெல்லாம் இதே கதை. வீட்டில் குடித்தால் இறங்கும். ஓடும்போது இறங்காது. டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். அழைப்புகள் குறைந்தன. ஒரு வருடம் கழித்து யாரும் கூப்பிடவில்லை.

சபையில் எனக்காக உபவாசம் இருந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். சத்துருவின் போராட்டம், சாத்தானின் வேலை என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். சத்துருவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக என் ஜெபம் ஒன்றுதான். அந்தச் சத்தத்தை நிறுத்தும், என் தொண்டையைத் திறந்துவிடும். கோடம்பாக்கம் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தப் பக்கமே நான் போகவில்லை.

போன வருடம் ஒரு காலை, பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. திரும்ப தைரியம் இல்லை. முதல் தடவையாக வேறு மாதிரி ஜெபித்தேன். "நான் என்ன செய்யணும், அதைச் சொல்லும். தப்பிச்சுப் போகாதபடி சொல்லும்" என்றேன். வானத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே எஸ்தர் அக்கா வந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனாராம். தைக்கிற பெண் முகம் வீங்கி, சீக்காளியாக இருந்தாளாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று என் சாட்சியை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"பொறுமையா கேட்டுச்சு ஸ்டெல்லா. கடைசியிலே ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. அந்த பாட்டில்ல கட்டியிருந்த ரிப்பன் என்ன கலர்னு. நீ ரிப்பன்னு ஒண்ணு இருந்ததாவே சொன்னதில்லியே?"

காலையில் கேட்டதற்கு மத்தியானம் பதில் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்த பதில் அல்ல.

மறுநாள் கோடம்பாக்கம் போனேன். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை வாசலில் போய் நின்றேன். சரோஜா ஜன்னலோரமாக உட்கார்ந்து ஏதோ டான்ஸ் பாவாடையில் ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நலமா என்றுகூட நான் கேட்கவில்லை.

"சிவப்பு" என்றேன்.

"தெரியும். ரோட்ல கெடந்துச்சு. தாண்டிக்கினுதான் வந்தேன்" என்றாள்.

"அப்பவே தெரிஞ்சும் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா இன்னா? கெட்டுப் போன கிட்னி சரியாயிடுமா?" ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "எடுத்ததுகூட போவட்டும்டி. அந்த வெறில யாரா இருந்தாலும் எடுப்பாங்க. ஆனா ஆஸ்பத்திரில என் கையப் புட்ச்சிக்கினு எப்டி ஆச்சுன்னு கேட்ட பாரு. அது இன்னிக்கும் தூக்கத்துல வருது."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் விடவில்லை.

"அத்த சாமி வெச்சாருன்னு வேற ஊரெல்லாம் சொல்லிக்கினு கீற. அங்க வெச்சது நானு."

அழுதேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "எங்க சொன்னியோ அங்கயே போய் சொல்லு. என் பேரச் சொல்லி சொல்லு" என்றாள். பாவாடையை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிறு அதே மைக்கைப் பிடித்து நான் உண்மையைச் சொன்னதை உங்களில் பலர் கேட்டீர்கள்; கேட்காதவர்களுக்காகத்தான் இந்த எழுத்து. யாரும் கை தட்டவில்லை. எஸ்தர் அக்கா எழுந்து, "அப்போ நான் எதைப் பிடிச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போனேன்?" என்று கேட்டார். பல மாதம் அக்கா என்னோடு பேசவில்லை. ஒரு நாள் அவரே வந்து, "நான் கூப்பிட்டது உன்னையா? அவரைத்தானே. அவர் வந்தார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கேள்வியை என்னால் அவர் இவ்வளவு நாள் சுமந்திருக்கிறார்.

சபையில் உண்மையைச் சொன்ன அடுத்த வாரமே நந்தனத்தில் ஓடும்போது தண்ணீர் இறங்கியது. அங்கேயே நின்று அழுதேன். இந்த வருடம் சிங்கப்பூரில் ஓடினேன். பதினோராவதாக வந்தேன். எல்லா மேஜையிலும் குடித்தேன். சத்தம் மட்டும் போகவில்லை. பாலத்தில் சில காலைகளில் இன்னும் கேட்கிறது. இப்போது நான் வேகத்தைக் கூட்டுவதில்லை. அதை எடுத்துவிடும் என்று கேட்பதும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் சரோஜாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் அவளுக்கு. சில வாரம் பேசுவாள், சில வாரம் பேசமாட்டாள்.

ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். நான் கேட்ட நிம்மதியைக் கொடுக்கவில்லை. நான் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது போக வேண்டிய ஒரு வீடு இருந்தால், ஜெபித்துவிட்டுப் போங்கள். போவதற்குப் பதிலாக ஜெபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் மூன்று வருடம் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

இதைச் சபைப் பத்திரிகையில் அச்சடிக்கக் கொடுக்கும் முன் சரோஜாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். ஒரே ஒரு வரியை அடித்தாள். "சரோஜா என்னை மன்னித்துவிட்டாள்" என்று நான் எழுதியிருந்த வரி.

"இத்த நான் இன்னும் சொல்லல. சொல்றப்ப நானே சொல்றேன்" என்றாள்.

அந்த நாளுக்காக ஜெபிக்கிறேன். நீங்களும் என்னோடு ஜெபியுங்கள்.