வெட்டியவன் பார்த்த மரங்கள்

எந்தப் பக்கம் வெட்டினால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதுகூடத் தெரியாமல் கோடரியைத் தூக்கிய ஆள் நான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சாலையில் மரத்தைச் சாய்த்துப் பஸ்ஸை மறிப்பார்கள். மூங்கில்துறைப்பட்டு சாலையில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது ஒரு பெரிய புளியமரம். முதல் வெட்டு என்னுடையதுதான் என்று அடம்பிடித்து வாங்கினேன். கடைசி வெட்டும் நானே. மரம் சாலைக்கு முதுகைக் காட்டிவிட்டு என் சித்தப்பாவின் கரும்பு மேல் போய்ப் படுத்துக்கொண்டது. காலியாகக் கிடந்த சாலையில் பஸ் வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் போலீஸ் வேன் ஊருக்குள் நுழைந்தது. விசாரித்த இடமெல்லாம் என் பெயர்தான் முதலில் வந்ததாம். கரும்பு போன வயிற்றெரிச்சலில் சித்தப்பாவே சொல்லியிருப்பார். நான் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறிவிட்டேன். அங்கே எனக்குத் தெரிந்தவன் ஒருவன்தான்: கள்ளக்குறிச்சி சந்தைக்குப் பலாப்பழம் கொண்டு வருகிறவன், என் வயதுக்காரன். இவ்வளவு தூரம் எதற்கு வந்தாய் என்று கேட்டான். போலீஸ் தேடுகிறது என்றால் திருப்பி அனுப்பிவிடுவானோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: பழைய மரங்களைப் பார்க்க வந்தேன்.

அவன் மனைவி சாமைச் சோற்றை வைத்துக்கொண்டே, "கீழ மரமே இல்லீங்களா?" என்றாள்.

"இப்ப கொஞ்சம் கம்மி" என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை.

அவன் நம்பிவிட்டான். அதுதான் தண்டனை. இரண்டு நாள் மேடும் பள்ளமுமாக இழுத்துக்கொண்டு போனான். ஓடைக்கரையில் ஒரு மருதமரம். அதன் வேர்ப்பொந்துக்குள் இரண்டு ஆடுகள் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு பலா. பாகப்பிரிவினையில் நிலத்தையெல்லாம் பிரித்தவர்கள் அதை மட்டும் வெட்ட மனமில்லாமல் ஆளுக்கொரு கிளையாகப் பங்கு போட்டுக்கொண்டார்களாம். வடக்குக் கிளை தன்னுடையது என்று காட்டினான். நான் அண்ணாந்து பார்த்தேன். அதுவரை மரத்தில் நான் கவனித்ததெல்லாம் கோடரி படுகிற உயரம்தான். இன்றும் பெரிய மரம் எதைக் கண்டாலும் என் கழுத்து தானாக நிமிர்கிறது. அந்தப் பலாக்காரன் கொடுத்தது அது. வேறு யாரும் எனக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் சாமி மரத்துக்குக் கூட்டிப்போனான். வயது சொல்ல ஆளில்லாத இலுப்பை. அதன் நிழலில் கால் வைக்குமுன் வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பொய் சொல்லிவிட்டு நுழைந்தவனுக்கு அந்த ஊரில் யாரும் சோறு போட மாட்டார்களாம். அவன் தன் வடக்குக் கிளை நன்றாகக் காய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். போய்த் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் வெயிலிலேயே நின்றேன். பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை. புளியமரம், கரும்பு, டிரைவர் போட்ட கும்பிடு, போலீஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு பெரிய மரம் என்று மட்டும் கேட்டான். கைகளை விரித்துக் காட்டினேன், கை போதவில்லை. அவன் இலுப்பையின் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கீழ எறங்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல நெழலுக்கு வா."