பிரிட்ஜுக்கு அடியில் கிரீஸ்

என் கணவர் கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிப்பவர். நான் மரக்காணத்தில் செல்போன் பழுது பார்க்கிறேன். அவருடைய கிடாருக்கு எங்கள் இருவரையும்விட வயது அதிகம். இரும்பை கிராமத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது என் கணவரிடம் விற்றுவிட்டுப் போனது. கல்யாணமான புதிதில், "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டீங்களா?" என்று நான் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

இந்தக் கோடையில் கச்சேரிக் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதப்பா. உன் கிடார் கொய்ங்குன்னு இரையுது. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்லயும் இப்படியே இருந்தா, பேஸை இனிமே கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம்."

அவர் போன பிறகு இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"புது பிக்கப் வாங்கியாங்க. நான் மாத்தறேன்" என்றேன். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தச் சுருள்தான் பிக்கப். பழையதைக் கழற்றினால், முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை உப்புக்காற்று பச்சை பிடிக்க அரித்து வைத்திருந்தது. புதியதைப் பொருத்தி ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன். அவர் ஒரு கம்பியை மீட்டினார். அடேயப்பா! தரையில் உட்கார்ந்திருந்த என் முழங்கால்வரை வந்தது அந்தச் சத்தம். ஆனால் கையை எடுத்ததும் மறுபடியும் கொய்ங்.

"கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில கட்டிட்டான்! உங்களை ஏமாத்தறது அவ்ளோ சுலபம்!"

அவர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் இருக்கும் இரும்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். இரைச்சல் அடங்கியது. மேடையில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அவர் இப்படித்தான் கை வைத்து நிற்பார். ஸ்டைலு என்று எத்தனை முறை கேலி செய்திருப்பேன்! அப்போதுதான் உறைத்தது. இரைச்சலை வடித்துவிடும் எர்த் ஒயர் செய்ய வேண்டிய வேலையை இந்த மனுஷன் உடம்பு செய்துகொண்டிருக்கிறது. அந்த ஒயரின் நுனி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும். பிரிட்ஜைக் கழற்றினேன். உள்ளே, ஒயர் இரும்பைத் தொடவிடாமல், துருவோடு இறுகிப்போன கறுப்பு கிரீஸ். நான் பூசியது.

நான் உப்பளக்காரர் வீட்டுப் பெண். மழைக்கு உப்பளம் நின்றதும் பம்ப் செட், மண்வெட்டி, கேட்டுக் கீல் என்று இரும்புச் சாமான் எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசிவிடுவோம். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். கல்யாணமாகி மூன்றாம் வருஷத்திலிருந்து கிடாரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டேன்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? துடைச்சாவது விட்டிருக்கலாமில்ல?"

"துடைச்சேன். அடுத்த மழைக்கு நீ மறுபடியும் பூசிட்ட. கட்டை, கட்டைன்னு திட்டிக்கிட்டிருந்தவ, முதல்ல கிரீஸ் பூசின அன்னிக்குத்தான் அதை மடியில எடுத்து வெச்சுக்கிட்ட. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, ஒயரை வெறும் இரும்பில் படும்படி வைத்து முடுக்கினேன். இரைச்சல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். கீபோர்டு பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பம்ப் செட்டுக்கும் மண்வெட்டிக்கும் பூசினேன். கிடார் பக்கம் போகவே இல்லை. அவரே அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இதுக்கும் பூசு. அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுடு."